கேபிளை முறுக்குவதற்கு முன்: பழைய டிஃபென்டரின் ஹேண்ட் பிரேக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2016 ஜனவரியில் உற்பத்தி நின்ற பழைய லேண்ட் ரோவர் டிஃபென்டரில் ஹேண்ட் பிரேக் எந்தச் சக்கரத்திலும் இல்லை. கியர்பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் எல்டி230 டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம், அந்தச் சுழற்சியைப் பின் ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் பூட்டும் இடத்தில் 10 அங்குல டிரம் ஒன்று இருக்கிறது. லீவரை இழுத்தால் உள்ளே இரண்டு ஷூவும் விரிந்து அந்த ஷாஃப்ட்டையே பிடித்துக்கொள்ளும். ஆக்ஸிலுக்குள் இருக்கும் க்ரவுன் பினியன் பல்சக்கரங்களின் விகிதம் 3.54. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஷாஃப்ட் மூன்றரைச் சுற்று சுற்றும். அதனால் டிரம்மில் கிடைக்கும் பிடி சக்கரத்துக்குப் போகும்போது மூன்றரை மடங்காகிறது. இவ்வளவு கனமான வண்டியைச் சரிவில் ஒற்றை டிரம் நிறுத்திவைப்பது இப்படித்தான். இந்த அமைப்பு மனதில் இல்லாமல் சாதாரணக் கார் மாதிரி இதில் கை வைப்பதால்தான் கீழே சொல்லும் தவறுகள் பெரும்பாலும் நடக்கின்றன.

முதல் தவறு, பிரேக் லூஸானதும் கேபிளை டைட் வைப்பது. ஷூவின் மேல் இருக்கும் உராய்வுப் பட்டையான லைனர் தேய்ந்தால் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி கூடும். அந்த இடைவெளியைக் குறைக்கத்தான் பேக் பிளேட்டில் அட்ஜஸ்டர் வைத்திருக்கிறார்கள். அதைத் தொடாமல் கேபிளை மட்டும் இழுத்துக் கட்டினால், லீவரைக் கீழே இறக்கிய பிறகும் உள்ளே ஷூவை விரிக்கும் எக்ஸ்பாண்டர் முழுதாகத் திரும்பாது. ஷூ தன் இடத்தில் சரியாக உட்காராமல் டிரம்மை லேசாக உரசிக்கொண்டே ஓடும். உரசலில் டிரம் சூடாகும். அந்தச் சூடு, டிரம்முக்கு நேர் முன்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் ஆயில் சீலைக் கெட்டியாக்கிவிடும். சீல் போனால் கியர் ஆயில் லைனரில் இறங்கும், பிடி இன்னும் குறையும். உடனே கேபிளை மறுபடி ஒரு சுற்று முறுக்குவார்கள். ஒரு சீலும் ஒரு செட் ஷூவும் வீணாகும் வரை இது இப்படியே போகும்.

சரியான வரிசை இதுதான். சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கி, ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே கூடாது. இப்போது கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, முன், பின் ஷாஃப்ட்டுகளை ஒன்றாகப் பூட்டும் சென்டர் டிஃப் லாக்கை எடுத்துவிட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். டிஃப் லாக் போட்டபடியே இருந்தால், தரையில் நிற்கும் முன் சக்கரங்கள் பின் ஷாஃப்ட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், டிரம் சுழலாது. ஷூதான் பிடிக்கிறது என்று நினைத்து அட்ஜஸ்டரை மேலும் மேலும் தளர்த்திக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்தது கேபிள். வெளியுறையில் இருக்கும் லாக் நட்டுகளைத் தளர்த்தி, கேபிளில் இழுவை இல்லாமல் செய்துவிடுங்கள். அட்ஜஸ்டருக்குக் கை போவது இதற்குப் பிறகுதான். எக்ஸ்பாண்டர் லீவருக்கு எதிர்ப்புறம் அது இருக்கும். கடிகாரச் சுற்றில் திருப்பத் திருப்ப ‘க்ளிக்’ ‘க்ளிக்’ என்று கையில் உணரலாம். டிரம் கையால் சுற்ற முடியாதபடி இறுகியதும் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இரண்டு மூன்று தடவை அழுத்தமாக இழுத்து இறக்குங்கள். ஷூ இரண்டும் நடுவில் வந்து உட்காருவதற்காக இது. பலர் விட்டுவிடும் வேலையும் இதுதான். உட்கார்ந்த பின் அட்ஜஸ்டர் பெரும்பாலும் இன்னொரு க்ளிக் இடம் கொடுக்கும். மறுபடி இறுக்கிவிட்டு, டிரம் உரசாமல் சுற்றும் வரை மட்டும் தளர்த்துங்கள். கடைசியில், லீவர் மூன்றாவது பல்லுக்கு வரும்போது பிரேக் முழுதாகப் பிடிக்கும்படி கேபிளை வைத்து, லாக் நட்டுகளை ஒன்றுக்கொன்று இறுக்குங்கள்.

அட்ஜஸ்டர் துருப்பிடித்து அசையாமல் இருந்தால், திறந்த வாய் ஸ்பேனரைப் போட்டு முரட்டுத்தனமாகத் திருப்பாதீர்கள், முனை மழுங்கிவிடும். முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டு, முன்னும் பின்னும் சிறிதாக ஆட்டி எடுங்கள்.

ஜாக்கி போடும்போது செய்யும் தவறு உயிருக்கே ஆபத்து. ஹேண்ட் பிரேக் பிடிப்பது ஷாஃப்ட்டை, சக்கரத்தை அல்ல. பின் சக்கரம் ஒன்று தரையை விட்டு எழுந்ததும், பின் டிஃபரன்ஷியல் வழியாக அது ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருப்பது எதிர்ப்பக்கம் உருளும். ஷாஃப்ட் அசையாமலே வண்டி நகர்ந்து ஜாக்கியிலிருந்து விழும். பஞ்சருக்கு ஸ்டெப்னி மாற்றும்போது டிஃப் லாக் போட்டு, லோ ரேஞ்சில் முதல் கியரில் வைத்து, ஹேண்ட் பிரேக் இழுத்து, கட்டையும் போட்ட பிறகே தூக்க வேண்டும். டிஃப் லாக் போட்டால் முன் ஷாஃப்ட்டும் சேர்ந்து பிடிபடும் என்பதால்தான் அது அவசியம். பின் ஆக்ஸில் ஷாஃப்ட் ஒன்று உடைந்த வண்டிக்கும் இதே நிலைதான்; டிரம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், டிஃப் லாக் இல்லாமல் அந்த வண்டிக்கு ஹேண்ட் பிரேக்கே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஹேண்ட் பிரேக் போட்டுக் கால் பிரேக்கை விட்டதும் வண்டி சற்று நகர்ந்து ‘டக்’ என்று நிற்கும். இதைப் பிரேக் லூஸ் என்று எண்ணி இறுக்குபவர்கள் உண்டு. டிரம்முக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஜாயின்ட் கிராஸ், ஷாஃப்ட்டின் ஸ்ப்ளைன், க்ரவுன் பினியன் என எல்லாவற்றிலும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். அது தீரும் அளவுக்கு வண்டி நகர்வது இயல்பு. நகர்வு நாளுக்கு நாள் கூடினால் தேட வேண்டியது ஜாயின்ட் கிராஸில்.

ஓடும் வண்டியை நிறுத்த இந்த பிரேக்கை இழுக்கவே கூடாது. கால் பிரேக் முற்றிலும் கைவிட்ட நேரம் மட்டுமே விலக்கு. பின் சக்கரங்கள் பூட்டி வண்டி கட்டுப்பாட்டை இழக்கும், மூன்றரை மடங்கு அதிர்ச்சி க்ரவுனிலும் ஆக்ஸிலிலும் இறங்கும். நான்கு சக்கரமும் எப்போதும் இயங்கும் வண்டி இது என்பதால், ஒரு ஆக்ஸிலை மட்டும் சுழற்றும் ரோலர் பிரேக் டெஸ்டரில் ஏற்றவும் விடாதீர்கள்.

டிரம்மின் அடியில் எண்ணெய்ச் சொட்டு தெரிந்தால் அட்ஜஸ்ட்மென்ட்டால் பயனில்லை. எண்ணெய் குடித்த லைனரைப் பெட்ரோலில் கழுவி மாட்டுவதும் வீண். சூடேறும்போது உள்ளிருந்து மறுபடி கசியும். ஷூவை செட்டாக மாற்றுங்கள். ஆனால் அதற்கு முன் கசிவை நிறுத்துங்கள். சீலோடு, ஃப்ளாஞ்ச் நட்டுக்கு அடியில் இருக்கும் ஃபெல்ட் வாஷரையும் மாற்றுங்கள். ஸ்ப்ளைன் வழியாக வரும் எண்ணெயைத் தடுப்பது அதுதான். டிரான்ஸ்ஃபர் கேஸின் உள்ளழுத்தத்தை வெளியேற்றும் ப்ரீதர் குழாய் சேற்றில் அடைத்திருந்தால் உள்ளழுத்தம் ஏறிப் புது சீலையும் தள்ளிவிடும், அதையும் பாருங்கள். டிரம்மைக் கழற்ற ஷாஃப்ட்டின் நான்கு நட்டையும் 9/16 ஸ்பேனரால் எடுக்க வேண்டியிருக்கும். திரும்பப் பூட்டும்போது புது நைலாக் நட் போட்டு 47 நியூட்டன் மீட்டரில் இறுக்குங்கள். பழைய லைனரில் கல்நார் இருக்கலாம். தூசியை ஏர் அடித்துக் கிளப்பாமல், பிரேக் க்ளீனரில் நனைத்துத் துடையுங்கள்.

ஆறு, சேறு, மணல் கடந்து வந்தால் டிரம்மைத் திறந்து சுத்தம் செய்வது நல்லது. ஈரத்தோடு பல நாள் நிறுத்துவதானால், ஹேண்ட் பிரேக் இழுத்தபடி விட்டால் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். டிஃப் லாக்கும் கியரும் போட்டு, நான்கு கட்டை வைத்துவிட்டு லீவரை இறக்கிவிடுங்கள். அட்ஜஸ்ட் செய்த அன்றே ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிவந்து, புறங்கையை டிரம்மின் அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். அனல் அடித்தால் ஒரு க்ளிக் தளர்த்துங்கள்.