பனியில் நடக்கும்போது இன்சுலினையும் சுகர் மீட்டரையும் காப்பது எப்படி?

போன குளிர்காலத்தில் பனி மூடிய மலைப்பாதையில் நடந்தபோது என் இன்சுலின் பேனா உறைந்துபோனது. முதுகுப்பையின் வெளிப் பாக்கெட்டில் வைத்திருந்தேன். பக்கத்திலிருந்த தண்ணீர் பாட்டில் கல்லாகிக் கிடந்ததைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. தங்குமிடம் வந்து எடுத்தால் மருந்து தெளிவாகத்தான் இருந்தது. போட்டுக்கொண்டேன். மூன்று மணி நேரத்தில் சுகர் 320. ஜாக்கெட்டுக்குள் இன்னொரு பேனா இருந்ததால் தப்பித்தேன்.

டோஸ் எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே பொருட்களைப் பற்றி மட்டும்.

1. பையில் வேண்டாம், உடம்போடு

தெர்மல் சட்டைக்கு மேலே, ஜாக்கெட்டுக்குக் கீழே. அதுதான் சரியான இடம். தோலோடு ஒட்டி நாள் முழுக்க வைத்தால் 30 டிகிரியைத் தாண்டிவிடலாம்; அதுவும் இன்சுலினுக்கு ஆகாது. விலை உயர்ந்த இன்சுலேட்டட் உறைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. உறை சூட்டை உண்டாக்காது, இருக்கிற சூடு போவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். ஜிப் வைத்த உள்பாக்கெட் போதும்.

2. உறைந்ததா? தூக்கிப் போடுங்கள்

நான் சறுக்கிய இடம் இது. இன்சுலின் ஒரு புரதம். 0 டிகிரிக்குச் சற்றுக் கீழே உறையும்போது அதன் அமைப்பு கெட்டு, வீரியம் போய்விடும். உருகியபின் பார்த்தால் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். கண்ணாடி போல் இருக்கிறதே என்று நம்பாதீர்கள். சந்தேகம் வந்தாலே அந்தப் பேனா போகட்டும். அதனால்தான் எப்போதும் இரண்டு பேனா, இரண்டு வெவ்வேறு பாக்கெட்டில்.

இன்னொன்று: ஊசியைப் பேனாவிலேயே மாட்டி வைக்காதீர்கள். குளிரில் மருந்து சுருங்கும்போது ஊசி வழியாகக் காற்று உள்ளே போகும். குமிழி இருந்தால் டோஸ் குறையும். ஒவ்வொரு முறையும் புது ஊசி மாட்டி, 2 யூனிட் வெளியே விட்டுப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

3. மீட்டர், ஸ்ட்ரிப், விரல்

பல மீட்டர்கள் 10 டிகிரிக்குக் கீழே எண்ணைக் காட்டாமல் எரர் காட்டும். ஹீட்டர் மேல் வைத்துச் சூடாக்க வேண்டாம். ரத்தத் துளி வைக்கும் ஸ்ட்ரிப் டப்பாவோடு சேர்த்துச் சட்டைக்குள் கால் மணி நேரம் வையுங்கள். அதற்குள் விரலையும் அக்குளில் வைத்துச் சூடாக்குங்கள். விறைத்த விரலில் ரத்தம் வராது. சோம்பல் பார்த்து சுகர் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். நடுக்கம் குளிரால் வந்ததா, லோ சுகரால் வந்ததா என்று உடம்பு சொல்லாது.

4. பம்ப், சென்சார்

ஊசிக்குப் பதில் இன்சுலினைத் தொடர்ந்து செலுத்தும் பம்ப் மாட்டியிருந்தால், அதன் ட்யூப் வெளியே தொங்கக் கூடாது. அதிலிருக்கும் மருந்து கொஞ்சம்தான், சீக்கிரம் உறைந்துவிடும். தோலில் ஒட்டிக்கொண்டு சுகர் அளவைப் போனுக்கு அனுப்பும் சென்சார் போட்டிருந்தாலும் போனை மட்டும் நம்பிப் போகாதீர்கள். குளிரில் பேட்டரி சட்டென்று படுத்துவிடும். விரல் குத்தும் மீட்டர் கையில் இருக்கட்டும்.

5. இனிப்பு

சுகர் இறங்கினால் சாப்பிடக் கையில் இனிப்பு வேண்டும். ஜூஸ் உறையும், குளுக்கோஸ் ஜெல் கெட்டியாகும். குளுக்கோஸ் மாத்திரைதான் என் தேர்வு. கையுறையோடு திறக்க முடிகிற டப்பாவா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். லோ சுகரில் மயங்கினால் கொடுக்கும் அவசர மருந்தான குளுக்ககான் வைத்திருந்தால் அதையும் உறைய விடக் கூடாது.

பின்சேர்க்கை: கைச்சூட்டுப் பொட்டலத்தை (ஹேண்ட் வார்மர்) பேனாவோடு சேர்த்து வைக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். அது 50 டிகிரிக்கு மேலேயும் போகும். உறைவதற்குப் பதில் வெந்துவிடும்.

இரவு டென்ட்டில் என்ன செய்வது என்றும் கேட்டார்கள். பேனா, மீட்டர் எல்லாவற்றையும் ஒரு காலுறைக்குள் போட்டு ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் பையைச் சுருட்டும் முன் மறக்காமல் வெளியே எடுங்கள். நான் ஒருமுறை மறந்து, கட்டிய மூட்டை முழுவதையும் பனியில் பிரித்துப் போட்டுத் தேடினேன்.