ஆயில் மாற்றிய பிறகு எஞ்சின் நடுங்குகிறதா? கைபட்ட இடங்களிலிருந்து தேடுங்கள்

சர்வீஸ் முடித்து வீடு திரும்பும் வழியில், சிக்னலில் நின்றபோது ஸ்டீயரிங் உதறியது. காலையில் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்றே தெரியாத அளவுக்கு அமைதியாக இருந்த எஞ்சின் அது. திரும்பப் போய்க் கேட்டதற்கு, எஞ்சின் மவுன்ட் (எஞ்சினைத் தாங்கி அதிர்வை உள்வாங்கும் ரப்பர் தாங்கி) தேய்ந்துவிட்டது, மாற்றியாக வேண்டும் என்றார்கள். மறுநாள் பானெட்டைத் திறந்து பார்த்தேன். ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயின் கிளாம்ப் இறுக்கப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு நிமிட வேலை. நடுக்கம் போய்விட்டது.

நேற்றுவரை நன்றாக ஓடிய எஞ்சின் இன்று நடுங்கினால், நேற்றுக்கும் இன்றைக்கும் நடுவில் யார் கை எங்கெங்கே பட்டது என்பதே முதல் கேள்வி. ஆயிலைக் குறை சொல்வதும் புதிய பாகம் வாங்குவதும் அதற்குப் பிறகுதான். இங்கே சொல்வது பெட்ரோல் கார்களுக்கு.

தொடங்கும் முன்

டாஷ்போர்டில் ஆயில் கேன் வடிவச் சிவப்பு விளக்கு எரிந்தாலோ, எஞ்சினில் தட்டும் ஓசை கேட்டாலோ உடனே அணைத்துவிடுங்கள். மீண்டும் ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசை வேண்டாம். செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தாலும் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். அது விலை உயர்ந்த பாகம்.

காரைத் திறந்தவெளியில் நிறுத்துங்கள். மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓடவிடுவது உயிருக்கே ஆபத்து. துப்பட்டா, தொங்கும் சட்டைக்கை, நீளமான கூந்தல் எதுவும் பெல்ட்டின் அருகே போகக்கூடாது. எஞ்சினை அணைத்த பிறகும் ரேடியேட்டர் விசிறி தானாகச் சுழலலாம்.

படி 1: ஆயில் அளவு

சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பத்து நிமிடம் பொறுங்கள். டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) உருவித் துடைத்து, முழுதாக உள்ளே விட்டு, மறுபடி எடுத்துப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவில் இருந்தால் சரி. மேல் குறியை நன்றாகத் தாண்டியிருந்தால், எஞ்சினின் அடியில் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் என்ற தண்டு ஆயிலை அடித்து நுரைக்க வைக்கும். காற்றுக் குழாய் வழியாகவும் ஆயில் உறிஞ்சப்பட்டு, சைலன்சரில் நீலப்புகை வரும். கூடுதல் ஆயிலை வெளியே எடுக்கும்வரை ஓட்ட வேண்டாம். குறைவாக இருந்தால் காருக்கு அடியில் குனிந்து பாருங்கள். டிரெயின் போல்ட்டிலோ ஆயில் ஃபில்டரிலோ கசிவு இருக்கலாம்.

படி 2: காற்று எங்கே திருட்டுத்தனமாக நுழைகிறது?

பெரும்பாலும் விடை கிடைக்கும் இடம் இதுதான்.

பெட்ரோல் எஞ்சினுக்கு ஒரு கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். பல கார்களில் ஏர் ஃபில்டரை அடுத்து ஒரு சென்சார் காற்றை அளந்து சொல்ல, கம்ப்யூட்டர் அதற்கேற்பப் பெட்ரோலைத் தெளிக்கிறது. சென்சாரைத் தாண்டிய ஓர் இடைவெளி வழியாகக் காற்று நுழைந்தால் அது கணக்கில் வராது. கலவையில் பெட்ரோல் குறைந்துவிடும். ஐடிலிங்கில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் மட்டும் ஓடும்போது) எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம்தான் என்பதால் சிறு கசிவுகூட நடுங்க வைக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் உள்ளே வரும் பெருங்காற்றில் அந்தக் கசிவு கரைந்துவிடும். நிற்கும்போது நடுங்கி, ஓடும்போது சரியாகிவிடும் கார் என்றால் இந்தப் படியில் நிதானமாக நேரம் செலவிடுங்கள்.

எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, வரிசையாகத் தொட்டுப் பாருங்கள். ஆயில் ஊற்றும் மூடி முழுதாகத் திருகியிருக்கிறதா? அதன் ரப்பர் வளையம் இருக்கிறதா? டிப்ஸ்டிக் அடிவரை இறங்கியிருக்கிறதா? இவற்றுக்கும் காற்றுக்கும் என்ன உறவு என்று தோன்றும். எஞ்சினுக்குள் சேரும் ஆவியை மீண்டும் உறிஞ்சி எரிக்கும் ஏற்பாடு இன்றைய பெட்ரோல் கார்களில் உண்டு. மூடி தளர்ந்தால் அந்த உறிஞ்சல் வெளிக்காற்றையும் சேர்த்து இழுக்கும். அடுத்து ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்புகள், பெரிய ரப்பர் குழாயின் இரு முனைக் கிளாம்ப்புகள், எஞ்சினின் மேல் மூடியான வால்வு கவரிலிருந்து வரும் சிறிய குழாய், காற்றுச் சென்சாரின் கனெக்டர். கனெக்டரை அழுத்தினால் 'கிளிக்' என்று பூட்ட வேண்டும்.

பிறகு எஞ்சினை ஓடவிட்டு, காது கொடுத்துக் கேளுங்கள். 'உஸ்' என்ற ஓசை வந்தால் கசிவு அங்கேதான். கார்புரேட்டர் கிளீனரைத் தெளித்துக் கசிவு தேடும் முறையைச் சிலர் சொல்வார்கள். சூடான எஞ்சினில் அது தீப்பிடிக்கலாம். தொடக்கநிலையில் இருப்பவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

படி 3: மிஸ்ஸிங்கா, வெறும் அதிர்வா?

ஆர்.பி.எம். முள் அசையாமல் நிற்க, காரின் உடல் மட்டும் அதிர்ந்தால் மவுன்ட்டைச் சந்தேகிக்கலாம். முள்ளும் துள்ளி, சைலன்சர் ஓசையும் தாளம் தப்பினால் மிஸ்ஸிங், அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எஞ்சினை அணைத்து, பிளக்குகளுக்குத் தீப்பொறி மின்சாரம் தரும் இக்னிஷன் காயில்களின் கனெக்டர்களை அழுத்திப் பாருங்கள். ஆயில் ஊற்றும்போது சிந்தி பிளக் குழிக்குள் இறங்கியிருந்தாலும் இப்படி ஆகும்.

படி 4: ஸ்கேனர்

ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓ.பி.டி. சாக்கெட்டில் (காரின் கம்ப்யூட்டரோடு பேசும் இணைப்பு) புளூடூத் ஸ்கேனரைச் செருகி, கோளாறைக் குறிக்கும் எண்களான கோடுகளைப் (code) படியுங்கள். பி0171 என்றால் பெட்ரோல் குறைந்த கலவை. படி இரண்டுக்குத் திரும்புங்கள். பி0301 முதல் பி0304 வரை என்றால் கடைசி எண்ணே மிஸ்ஸிங் உள்ள சிலிண்டர். இரண்டாவதில் மிஸ்ஸிங் என்றால், எஞ்சினை அணைத்துவிட்டு அதன் காயிலை மூன்றாவதுடன் மாற்றிப் பொருத்துங்கள். மீண்டும் ஓடவிட்டுப் படிக்கும்போது கோடு பி0303 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர் பக்கம் போங்கள்.

படி 5: எதுவும் கிடைக்கவில்லையா?

சர்வீஸில் பேட்டரியைக் கழற்றினார்களா, எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தார்களா என்று கேளுங்கள். இரண்டிலும் கம்ப்யூட்டர் ஐடிலிங்கைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும். சில கார்கள் சிறிது தூரம் ஓடினாலே கற்றுக்கொள்ளும். சிலவற்றுக்கு ஸ்கேனரால் கற்பிக்க வேண்டும். பில்லில் உள்ள ஆயில் கிரேடையும் (ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைக் காட்டும் குறியீடு) கையேட்டுடன் ஒப்பிடுங்கள். 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஆயில் கேட்கும் எஞ்சினில் மிகக் கெட்டியான ஆயில் இருந்தால், ஆயில் அழுத்தத்தால் இயங்கும் வால்வு டைமிங் ஏற்பாடு (வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை மாற்றுவது) மந்தமாகலாம்.

கோளாறு தீர்ந்ததும் கோடுகளை அழித்துவிட்டு, இரவு எஞ்சினுக்கு அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் அதில் ஒரு சொட்டு ஆயில்கூட இல்லை என்றால் பானெட்டை மூடிவிட்டு வேலைக்குப் புறப்படலாம்.