தொலைபேசி இலக்கத்தை இன்ட்டில் போடாதீர்கள்

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் தெரிந்த அண்ணை ஒருவரின் கடைக்கு, வாடிக்கையாளர் விபரம் பதியச் சின்ன வெப் அப்ளிகேஷன் ஒன்று எழுதிக் கொடுத்தேன். இலக்கம்தானே என்று மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் தொலைபேசிப் புலத்தை, முழு எண்களைச் சேமிக்கும் இன்ட் வகையாக வைத்துவிட்டேன். இரண்டு கிழமை கழித்து அண்ணை கூப்பிட்டார்: "தம்பி, 021ஐக் காணேல்லை."

இன்ட்டுக்கு முன்னால் நிற்கும் பூச்சியம் கணக்கில்லை. யாழ்ப்பாணத் தொலைபேசிக் குறியீடான 021 வெறும் 21 ஆகிவிடும். சரி, அதையாவது திருத்தலாம். இலங்கையின் நாட்டுக் குறியீடான 94இல் தொடங்கிப் பதிந்தவர்களின் கதைதான் மோசம். இன்ட் தாங்கக்கூடிய ஆகப் பெரிய எண் 2147483647; 94ஓடு வரும் இலக்கம் அதைவிடப் பெரியது. பொருந்தாத தரவை ஏற்காத ஸ்ட்ரிக்ட் மோட் இயங்கினால் பிழை காட்டி மறித்திருக்கும். நான் பிடித்த பழைய சேர்வரில் அது நிறுத்திக் கிடந்ததால், அத்தனை பேருக்கும் அதே 2147483647 பதிவாகியிருந்தது. பார்க்கவும் பத்து இலக்கம், யாருக்குச் சந்தேகம் வரும்?

கூட்டிக் கழிக்காத எதையும், போட்டதை எழுத்தாகவே வைத்திருக்கும் வார்சார் வகையில் போடுங்கள். தேசிய அடையாள அட்டை இலக்கமும் அப்படித்தான். பழையதில் 9 இலக்கங்களுக்குப் பின் ஓர் ஆங்கில எழுத்தும் வரும், புதியதில் 12 இலக்கங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் பேக்கப் எடுத்து, புலத்தை வார்சார் 20 ஆக மாற்றுங்கள். அப்புறம் 9 இலக்கம் உள்ள வரிகளுக்கு மட்டும் முன்னால் பூச்சியம் சேர்த்தால் போதும். 2147483647 ஆனவை திரும்பி வராது. நான் கடையின் பழைய பில் புத்தகங்களைப் புரட்டி ஒவ்வொன்றாகத் தட்டினேன்.