கீசர் வால்வு சொட்டுகிறதா? அதை அடைக்காதீர்கள்

போன மார்கழியில் தாம்பரத்தில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். குளிக்கப் போனபோது கீசரை நிமிர்ந்து பார்த்தேன். தண்ணீர் உள்ளே போகும் பக்கத்தில் ஒரு பித்தளை வால்வு. அதன் விலாவில் இருக்கும் சின்ன வாயில் ஒரு டம்மியைத் திருகி, அதற்கு மேல் எம்-சீல் வேறு பூசியிருந்தார்கள். "அது சொட்டிக்கிட்டே இருந்துச்சுப்பா. பிளம்பரைக் கூப்பிட்டு அடைச்சாச்சு" என்றார் சித்தி. கீசரை அணைத்துவிட்டுப் பச்சைத் தண்ணீரில் குளித்தேன். அன்று மதியமே புது வால்வு வாங்கி வந்து மாற்றினோம்.

சித்தியைக் குறை சொல்ல முடியாது. குழாய் சொட்டினால் பழுது, பழுதை அடைக்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் கீசரில் அந்த ஒரு இடம் மட்டும் சொட்டுவதற்காகவே வைக்கப்பட்டது.

தண்ணீர் சூடானால் விரியும். 25 லிட்டர் கீசரில் 25 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோனால், ஏறத்தாழ 350 மில்லி அதிகமாகிவிடும். இரும்புத் தொட்டி அதற்கு இடம் கொடுக்காது. வந்த வழியே திரும்பிப் போகலாம் என்றால், அதே வால்வுக்குள் தண்ணீர் பின்னால் போகாமல் தடுக்கும் அமைப்பும் இருக்கிறது. குளியலறையில் குழாய்கள் மூடியிருக்கும்போது, அந்தக் கூடுதல் தண்ணீர் வெளியேற மிச்சமிருக்கும் ஒரே வழி அந்தச் சின்ன வாய்தான். அதனால் சூடாகும்போது கொஞ்சம் சொட்டுவது இயல்பு.

அதை அடைத்துவிட்ட நிலையில், சூட்டை ஓர் அளவில் நிறுத்தும் தெர்மோஸ்டாட்டும் பழுதானால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மூடிய தொட்டிக்குள் அழுத்தம் ஏற ஏற, தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் தண்ணீராகவே இருக்கும். தொட்டி எங்காவது கிழிந்தால் அழுத்தம் சட்டென்று இறங்கும், அதில் ஒரு பங்கு நீர் அந்த நொடியே ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் முழுதாக ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். கீசர் வெடித்துக் கதவும் சுவரும் பெயர்வது இதனால்தான்.

கீசர் ஆறிய பிறகும் நாள் முழுக்க விடாமல் ஒழுகினால் அது வேறு சங்கதி. வால்வுக்குள் உப்போ மண்ணோ சிக்கியிருக்கலாம், அல்லது வீட்டுக்கு வரும் தண்ணீரின் அழுத்தமே அதிகமாக இருக்கலாம். 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். மூன்று மாடி வீட்டில் இது ஒரு விஷயமே இல்லை. ஆனால் உயரமான அடுக்குமாடியின் கீழ்த்தளங்களிலும், பிரஷர் பம்ப் வைத்த வீடுகளிலும் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். எத்தனை பார் வரை தாங்கும் என்று கீசரின் மேலேயே எழுதியிருக்கும். பல ஸ்டோரேஜ் கீசர்களில் அது 8 பார். வரும் அழுத்தம் அதற்குக் கிட்டத்தில் இருந்தால், கீசருக்கு முன்னால் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்று போடச் சொல்லுங்கள். சொட்டும் வால்வைக் கழற்றிக் கழுவலாம், மாற்றலாம். அடைக்க மட்டும் கூடாது. தலையில் சொட்டுகிறது என்றால் அந்த வாயில் ஒரு சின்ன டியூபை மாட்டித் தரைவரை இறக்கிவிடுங்கள், அதன் மறுமுனை திறந்தே இருக்கட்டும். வால்வுக்கும் கீசருக்கும் நடுவில் மூடித் திறக்கும் ஸ்டாப்-காக் எதுவும் வரக்கூடாது. யாராவது அதை மூடிவிட்டால் வால்வு இருந்தும் பயனில்லை.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு தவறு, தெர்மோஸ்டாட்டை 'டைரக்ட்' செய்வது. கீசர் திடீரென்று வேலை செய்யாமல் நின்றுவிடும். வந்து பார்ப்பவர், "கட்-அவுட் போயிருக்கு, டைரக்ட் கொடுத்துட்டேன், இப்ப நல்லா சூடாகும்" என்பார். நன்றாகத்தான் சூடாகும், ஆனால் நிறுத்த ஆள் இருக்காது. தெர்மோஸ்டாட் நிறுத்தத் தவறி, தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானதால்தான் கட்-அவுட் மின்சாரத்தைத் துண்டித்தது. அதைத் தாண்டி வயரை இணைத்துவிட்டால், சூடு ஏறுவதைத் தடுக்க எதுவும் மிச்சமில்லை. 'டைரக்ட்' என்ற சொல்லைக் கேட்டதுமே வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு, புது தெர்மோஸ்டாட் போட்ட பிறகு கீசரைப் போடுங்கள்.

சரி, மின்சாரத்துக்கு வருவோம். 2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். 3,000 வாட் இன்ஸ்டன்ட் கீசர் 13 ஆம்பியர். நாம் போன் சார்ஜர் மாட்டும் பிளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்கானது. ஆகவே கீசருக்கு 16 ஆம்பியர் பாயிண்ட் தனியாக வேண்டும். மீட்டர் போர்டிலிருந்து அதற்கென்று தனி எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் தானே விழும் ஸ்விட்ச்), 2.5 சதுர எம்எம்-க்குக் குறையாத, முடிந்தால் 4 சதுர எம்எம் செம்பு வயர். பெரிய பின் நுழையவில்லை என்று கன்வர்ட்டர் மாட்டுவதும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகுவதும் வேண்டாம். பிளக் பாயிண்டின் முகம் பழுப்பேறியிருந்தாலோ, கருகிய வாசம் வந்தாலோ அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

எம்சிபி இருந்தால் ஷாக் அடிக்காது என்று பலர் நம்புகிறார்கள். எம்சிபி காப்பது வயரை. 16 ஆம்பியர் எம்சிபி விழ அதைவிட அதிக மின்சாரம் ஓட வேண்டும். ஆளைக் காப்பது ஆர்சிசிபி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும். இரண்டு அளவுக்கும் இடையே ஐந்நூறு மடங்கு வித்தியாசம். கீசருக்குள் இருக்கும் ஹீட்டிங் எலிமெண்ட்டின் உறை உப்புத் தண்ணீரில் அரித்து விரிசல் விட்டால், மின்சாரம் தண்ணீருக்கே வந்துவிடும். எர்த் சரியாக இருந்தால் அது எர்த் வழியே இறங்கும், ஆர்சிசிபி விழும். கீசர் போட்டதும் ஆர்சிசிபி விழுகிறதே என்று அதை எடுத்துவிட்டு நேராக இணைத்துக்கொள்ளும் வீடுகள் உண்டு. அந்த வீட்டில் ஷவரைத் திறப்பவரின் உடம்புதான் அடுத்த எர்த். ஆர்சிசிபியில் 'டெஸ்ட்' என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், விழ வேண்டும்.

எர்த் பற்றி இன்னொன்று, பழைய வீட்டுக்காரர்களுக்கு. சில பழைய வீடுகளில் எர்த் வயரைக் கொண்டுபோய் இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். குழாய் மண்ணுக்குள் போவதால் ஓரளவு வேலையும் செய்திருக்கும். பிறகு துருப்பிடித்த ஜிஐ குழாயை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் குழாய் போடுவோம். தண்ணீர் நன்றாக வரும், எர்த் போய்விடும், அது யாருக்கும் தெரியவும் தெரியாது. குழாய் மாற்றிய வீடு என்றால் ஒருமுறை எர்த்தைச் சோதித்துவிடுங்கள். அதுவரை கீசரை அணைத்துவிட்டுக் குளியுங்கள்.

குழாயில் நடக்கும் பெரிய தவறு, வெள்ளை யுபிவிசி குழாயைச் சுடுதண்ணீருக்குப் போடுவது. விலை குறைவு, கையிருப்பில் ஒரு துண்டு இருக்கும், போட்டுவிடுவார்கள். கீசர் தண்ணீரின் சூட்டில் அது இளகித் தொய்ந்து, இணைப்பில் விட்டுவிடும். சுடுதண்ணீருக்குச் சிபிவிசி வேண்டும், அதை ஒட்டும் சொல்யூஷனும் தனி. யுபிவிசி சொல்யூஷனைச் சிபிவிசிக்குத் தடவினால் பிடித்த மாதிரி இருக்கும், சில மாதத்தில் சுவருக்குள் கசியும். ஒட்டிய கையோடு தண்ணீர் விட அவசரப்படாதீர்கள், ஒரு நாள் விட்டால் நிம்மதி. மொட்டைமாடியில் வெயில் படும் சிபிவிசிக்குத் தண்ணீரில் கரையும் பெயிண்ட் அடித்துவிட்டால் சீக்கிரம் நொறுங்காது.

மரைகளில் டெஃப்லான் டேப் சுற்றும்போது மரையின் வாய் உங்களைப் பார்த்திருக்கட்டும், கடிகார முள் போகும் திசையில் சுற்றுங்கள். மாறிச் சுற்றினால், திருகும்போது டேப் பிரிந்து வெளியே வந்துவிடும். அப்புறம் பிளாஸ்டிக் மரையை ரெஞ்ச் போட்டு முழுப் பலத்தோடு இறுக்க வேண்டாம். ஒழுகக்கூடாது என்று இறுக்கிய இறுக்கில்தான் பாதி எல்போக்கள் (வளைவு இணைப்புகள்) விரிகின்றன.

சென்னைப் புறநகர் போர் தண்ணீர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வாளியில் வெள்ளைத் திட்டு படிகிறதா? அதே உப்பு கீசருக்குள் எலிமெண்ட்டின் மீது ஓடு மாதிரி கட்டுகிறது. சூடாக முன்பைவிட நேரம் எடுக்கும், உள்ளே படபடவென்று சத்தம் வரும். பல கீசர்களுக்குள் மெக்னீசியக் கம்பி ஒன்று இருக்கும், ஆனோடு ராடு என்பார்கள். தொட்டியின் இரும்பு அரிப்பதற்குப் பதிலாகத் தான் அரித்துக் கரைவதுதான் அதன் வேலை. கரைந்து முடிந்தால் அடுத்தது தொட்டி. போர் தண்ணீர் வீட்டில் வருடத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்து, உப்பைச் சுரண்டி, இந்தக் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். "ராடு எப்படியிருக்கு, காட்டுங்க" என்று கேட்டு உங்கள் கண்ணால் பாருங்கள்.

புதுக் கீசரோ சர்வீஸ் முடிந்த கீசரோ, சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து, காற்று போய்த் தண்ணீர் சீராக வந்த பிறகுதான் ஸ்விட்சைப் போட வேண்டும். வெறும் தொட்டியில் போட்டால் எலிமெண்ட் எரிந்துவிடும். சூட்டை 55-60 டிகிரிக்கு மேல் வைக்க வேண்டிய தேவை வீட்டில் இல்லை. 60 டிகிரித் தண்ணீரே ஐந்து நொடியில் பெரியவர்கள் தோலைச் சுட்டுவிடும், குழந்தைக்கு அதற்கும் குறைவான நேரம் போதும். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு சுடுதண்ணீர் என்பதை வீட்டுப் பழக்கமாகவே ஆக்கிவிடுங்கள்.

கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் இதை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள். குளியலறைக்குள் கேஸ் கீசர் வைக்கக்கூடாது. ஜன்னல் இருந்தாலும், எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தாலும் கூடாது. கதவைச் சாத்திய சின்ன அறையில் அடுப்பு எரிந்தால் ஆக்சிஜன் குறைந்துகொண்டே வரும், கேஸ் முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு மணமில்லை, நிறமில்லை, கண்ணும் எரியாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். லேசான தலைவலி, கிறுகிறுப்பு, கால் தளர்வு என்று தொடங்கும். உள்ளே இருப்பவர் தாழ்ப்பாளைத் திறக்கலாம் என்று நினைப்பதற்குள் விழுந்துவிடுவார். புதிதாகக் கல்யாணமானவர்களும் பிள்ளைகளும் இப்படிக் குளியலறையில் இறந்துகிடந்த செய்திகள் குளிர்காலம்தோறும் வருகின்றன. கீசரைப் பால்கனியிலோ திறந்த வெளியிலோ மாட்டி, சுடுதண்ணீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். உள்ளே போனவர் நேரமாகியும் குரல் கொடுக்கவில்லை என்றால் கதவை உடையுங்கள். கேஸை மூடி, அவரைக் காற்றோட்டமான இடத்துக்குத் தூக்கி வந்து, 108-ஐ அழையுங்கள்.

வாட்டர் ஹீட்டர் ராடுக்கு வரிசைதான் முக்கியம். வாளியில் தண்ணீர், தண்ணீரில் ராடு, பிறகு ஸ்விட்ச். எடுக்கும்போது ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் உருவிவிட்டுத்தான் தண்ணீரைத் தொட வேண்டும். சூடாகிவிட்டதா என்று ஓடும் ராடோடு விரலை விட்டுப் பார்ப்பதுதான் உயிரை எடுக்கிறது. இரும்பு வாளி, பித்தளை அண்டா எதுவும் வேண்டாம். 1,500 வாட் ராடு 6.5 ஆம்பியர் இழுக்கும், அதற்கும் பெரிய பிளக் பாயிண்ட்தான் சரி. குழந்தைகள் நடமாடும் வீட்டில் ராடைப் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போகாதீர்கள்.

கழிவுநீர்ப் பக்கம் இரண்டே விஷயம். பயன்படுத்தாத குளியலறையில் நாற்றம் வந்தால் உடனே ஆசிட் ஊற்றுகிறோம். தரைக்கு அடியில் இருக்கும் டிராப்பில் தண்ணீர் தேங்கி நின்றுதான் சாக்கடைக் காற்றைத் தடுக்கிறது. அது வற்றியிருக்கும், வாரம் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் போதும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் மட்டும் எந்தக் காலத்திலும் ஒன்றாகப் போடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பி நுரையீரலைத் தாக்கும்.

கடைசியாக, மெயின் வால்வு. நள்ளிரவில் வாஷ்பேசினுக்கு அடியில் இருக்கும் கனெக்ஷன் டியூப் தெறித்தால், எதை மூட வேண்டும் என்று வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? மொட்டைமாடித் தொட்டியின் அடியில் இருக்கும் கேட் வால்வுகளுக்குப் பக்கத்தில், எது சமையலறை, எது குளியலறை என்று பெயிண்டில் எழுதி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் முழுதாக மூடித் திறங்கள், இல்லாவிட்டால் உப்பேறி இறுகிவிடும். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கும் எல்லோரையும் மாடிக்குக் கூட்டிப்போய், ஆளுக்கு ஒருமுறை திருகிப் பார்க்கச் சொல்லுங்கள்.