பிள்ளைக்கு முதல் கடவுச்சீட்டு எந்த நாட்டினுடையது?

டர்பனிலோ ஜோகன்னஸ்பர்க்கிலோ ஒரு குழந்தை பிறந்தால், பெயர் சூட்டும் நாளுக்குள்ளேயே "இரண்டு நாட்டுக் குடியுரிமையும் வாங்கி வைத்துவிடுங்கள்" என்று சொல்ல ஓர் உறவினராவது வந்துவிடுவார். தென்னாப்பிரிக்கச் சட்டம் இரட்டைக் குடியுரிமைக்கு இடம் கொடுக்கிறது. இந்தியச் சட்டம் கொடுப்பதில்லை. ஆகவே இந்தியத் தொடர்புள்ள பெற்றோர் உண்மையில் தீர்மானிக்க வேண்டியது, பிள்ளைக்கு முதலில் எந்தக் கடவுச்சீட்டை எடுப்பது என்பதைத்தான்.

குழந்தைக்குப் பிறப்பால் ஏற்கெனவே எந்தக் குடியுரிமை கிடைத்திருக்கிறது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். 1995ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கக் குடியுரிமைச் சட்டம், 2013 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள திருத்தத்தின்படி, தாய் தந்தையரில் ஒருவர் அந்நாட்டுக் குடிமகனாக இருந்தாலே பிள்ளையைப் பிறப்பால் குடிமகனாக ஏற்கிறது. பிள்ளை டர்பனில் பிறந்ததா, துபாயில் பிறந்ததா என்பது பொருட்டில்லை. பெற்றோர் இருவரும் வேலை விசாவில் வந்த இந்தியர்கள் என்றால், இங்கே பிறந்ததனால் மட்டும் அக்குடியுரிமை வராது. பெற்றோர் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களாக இருந்தால், பிறப்பு முறைப்படி பதிவாகி, பிள்ளை பதினெட்டு வயது வரை இந்நாட்டிலேயே வாழ்ந்த பிறகுதான் தகுதி பிறக்கும். உள்துறை அலுவலகத்தில் முப்பது நாளுக்குள் செய்ய வேண்டிய பிறப்புப் பதிவு எல்லாருக்கும் பொது; ஆனால் அதனால் கிடைக்கும் சான்றிதழைக் குடியுரிமைச் சான்றாக எண்ணிப் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

இந்தியப் பக்கத்தில் கவனிக்க வேண்டியது ஒரு காலக்கெடு. வெளிநாட்டில் பிறந்த பிள்ளை வம்சாவளியால் இந்தியக் குடியுரிமை பெற, பிறந்த ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்திலோ துணைத் தூதரகத்திலோ பிறப்பைப் பதிய வேண்டும். அது தவறினால் மத்திய அரசின் அனுமதி தேவைப்படும். பதியும்போது, பிள்ளையிடம் வேறு நாட்டுக் கடவுச்சீட்டு இல்லை என்று பெற்றோர் உறுதிமொழி தர வேண்டும். சட்டம் கேட்பது கடவுச்சீட்டைப் பற்றித்தான் என்பதைக் கவனியுங்கள். தாய் தென்னாப்பிரிக்கர், தந்தை இந்தியர் என்றால், பிறப்பால் தென்னாப்பிரிக்கக் குடியுரிமை உள்ள பிள்ளையையும், அந்நாட்டுக் கடவுச்சீட்டு எடுக்காதவரை, இந்தியக் குடிமகனாகப் பதியலாம். அப்பிள்ளை பதினெட்டு வயது நிறைந்த ஆறு மாதத்திற்குள் மற்ற நாட்டுக் குடியுரிமையைத் துறக்காவிட்டால் இந்தியக் குடியுரிமை தானாகவே போய்விடும். விடுமுறைக்கு ஊர் போகும் அவசரத்தில் முதலில் தென்னாப்பிரிக்கக் கடவுச்சீட்டை எடுத்துவிட்டாலோ, இந்த வழி அப்போதே அடைபட்டுவிடுகிறது.

அடைபட்டால் கிடைப்பது ஓசிஐ (Overseas Citizen of India, 'இந்தியாவின் வெளிநாட்டுக் குடிமகன்') அட்டை. அதன் விரிவான பெயரில் 'குடிமகன்' என்ற சொல் இருந்தாலும் அது குடியுரிமை ஆகாது. வாழ்நாள் முழுவதும் விசா இல்லாமல் போய்வரவும் தங்கவும் உதவும் உரிமை என்று கொள்ளலாம். வாக்குரிமையும் அரசுப் பணியும் அதில் இல்லை. ஊரில் வயல் வாங்க முடியாது. பாட்டன் வழியில் வந்த வயலை மட்டும் வாரிசாக அடையலாம். நம் பெற்றோர் பலரின் கணக்கைப் புரட்டிப் போடக்கூடியது 2021 மார்ச் 4 அன்று வந்த அறிவிப்பு: ஓசிஐ உள்ளவர்கள் நீட் தேர்வை எழுதலாம், ஆனால் வெளிநாடுவாழ் இந்தியருக்கான இடங்களிலோ கூடுதலாக உருவாக்கப்படும் இடங்களிலோதான் சேரலாம், இந்தியக் குடிமக்களுக்கு மட்டும் ஒதுக்கிய இடங்கள் அவர்களுக்கு இல்லை. தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி என்ற கனவு வீட்டில் இருந்தால், அதைக் குழந்தைக்கு ஒரு வயது ஆகும் முன்பே பேசி முடித்துவிடுவது நல்லது.

என் கருத்தைக் கேட்டால், ஐந்தாறு ஆண்டுகளில் திரும்பிப் போவோம் என்று மெய்யாகவே திட்டமிட்டிருக்கும் குடும்பம் இந்தியப் பதிவையே முதலில் செய்ய வேண்டும். வீடு வாங்கி, பள்ளி பார்த்து, இங்கேயே வேரூன்றிவிட்ட குடும்பத்திற்குத் தென்னாப்பிரிக்கக் கடவுச்சீட்டும் ஓசிஐ அட்டையும் சேர்ந்தால் போதும். இந்நாட்டுக் குடிமகனாகிய பிள்ளை இந்தியக் கடவுச்சீட்டில் போய்த் திரும்பும்போது எல்லையில் எழும் வீண் கேள்விகளும் இதனால் தவிர்க்கப்படும். பதினெட்டு வயதுக்குப் பின் தென்னாப்பிரிக்கக் குடிமகன் வேற்று நாட்டுக் கடவுச்சீட்டைக் காட்டி இந்நாட்டிற்குள் வருவதும் வெளியேறுவதும் குற்றமாகும். "எப்போதாவது உதவும்" என்பதற்காக மட்டும் இந்தியக் கடவுச்சீட்டை எடுப்பவர்கள், அந்த 'எப்போதாவது' எது என்று தாளில் எழுதிப் பார்க்கலாம்.

எந்த வழியை எடுத்தாலும் பெயரில்தான் நம்மவர்களுக்குச் சிக்கல் வருகிறது. நமக்குத் தந்தை பெயரின் முதலெழுத்தே வழக்கம். இங்குள்ள பதிவாளரோ குடும்பப் பெயர் கேட்பார். பிறப்புச் சான்றிதழில் தந்தையின் இயற்பெயர் குடும்பப் பெயராகப் பதிவாகி, தந்தையின் கடவுச்சீட்டில் அந்த இடம் வெறுமையாக இருந்தால், விண்ணப்பம் விளக்கம் கேட்டுத் திரும்ப வாய்ப்புண்டு. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முன்பே பிள்ளையின் பெயரை எழுத்துப் பிழையின்றி, முதலெழுத்தை விரித்து எழுதி முடிவு செய்துகொண்டு, எல்லா ஆவணத்திலும் அதையே பயன்படுத்துங்கள். பெற்றோர் இருவர் விவரமும் உள்ள முழுப் பிறப்புச் சான்றிதழையே கேட்டு வாங்குங்கள்.

1860 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து நேட்டாலுக்குக் கப்பலேறி வந்தவர்களின் வழித்தோன்றல்களுக்கு இந்தியக் கடவுச்சீட்டு என்ற கேள்வியே எழாது, ஓசிஐ மட்டும்தான். அதுவும் கொள்ளுப்பேரன் தலைமுறை வரைதான் என்பதால் இன்று பிறக்கும் குழந்தை நேரடியாகத் தகுதி பெறுவது அரிது. ஆனால் தாயோ தந்தையோ கொள்ளுப்பேரன் என்ற முறையில் தகுதி பெற்றவராக இருந்தால், அவருடைய மைனர் பிள்ளையும் தகுதி பெறும். கப்பல் பட்டியலில் மூதாதையரின் ஊரையும் தந்தை பெயரையும் தேடும் வேலையை, பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆவதற்குள் முடிக்கும்படி தொடங்குங்கள்.