ராயபுரத்திலிருந்து என்.எச்.எஸ். வார்டுக்கு: வடசென்னை நர்ஸ்களுக்கு ஒரு வழிகாட்டி

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கத்திலிருந்து பிரிட்டனுக்கு நர்ஸ் வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கும், போய் இறங்கி முதல் சில மாதங்களில் இருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறோம். ஸ்டான்லியிலோ ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரியிலோ பழகிய கைக்கு வேலை சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பிரிட்டனில் செய்கிற வேலையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், எழுத வேண்டும், பொறுப்பில் இருப்பவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். நம்மவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த மூன்றில்தான்.

என்.எச்.எஸ். என்பது பிரிட்டனின் அரசு மருத்துவ சேவை. இங்கிலாந்தில் அதற்காக உங்களை வேலைக்கு எடுப்பது பெரும்பாலும் 'டிரஸ்ட்' என்ற வட்டார அமைப்பு. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் அதற்கு ஹெல்த் போர்டு என்று பெயர். ஒரு டிரஸ்டின் கீழ் பல ஆஸ்பத்திரிகள் இருக்கலாம், அவை வெவ்வேறு ஊர்களிலும் இருக்கலாம். எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு என்று ஆஃபர் லெட்டரில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வீடு பிடிப்பதற்கு முன்பே இது தெரிந்தாக வேண்டும்.

கிளம்புமுன்: இனிஷியலும் எக்ஸ்ரேயும்

முதல் சிக்கல் நம் பெயரிலேயே இருக்கிறது. மார்க் ஷீட்டில் 'எஸ். பிரியா', சாந்தோமில் உள்ள தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவில் 'பிரியா எஸ்', பாஸ்போர்ட்டில் 'பிரியா செல்வம்' என்று இருந்தால், அங்குள்ள கோப்பில் மூன்று பேர் ஆகிவிடுவீர்கள். பிரிட்டனின் நர்சிங் கவுன்சிலான என்.எம்.சி. பாஸ்போர்ட் பெயரைத்தான் அடிப்படையாக எடுத்துக்கொள்ளும். ஆகவே ஆங்கிலத் தேர்வுக்கும் சி.பி.டி. என்ற கம்ப்யூட்டர் தேர்வுக்கும் பதிவதற்கு முன்பே பாஸ்போர்ட்டில் பெயரைச் சரிசெய்துவிடுங்கள். பழைய சான்றிதழ்களுக்கு, இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரி முன் அஃபிடவிட் எடுத்து வையுங்கள். சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டுவிடாதீர்கள். பேங்க் கணக்கு, சம்பளப் பட்டியல் என்று ஒவ்வொரு இடத்திலும் அது திரும்பத் திரும்பக் குறுக்கே வரும்.

ஆங்கிலத் தேர்வில் இரண்டு வகை இருக்கிறது. ஐ.இ.எல்.டி.எஸ். என்றால் கேட்டல், படித்தல், பேசுதலில் 7, எழுதுதலில் 6.5 வேண்டும். ஓ.இ.டி. என்றால் மூன்றில் பி, எழுதுதலில் சி பிளஸ் போதும். ஓ.இ.டி.யின் எழுத்துப் பகுதியில் நோயாளியைப் பற்றிய கடிதம் எழுதச் சொல்வார்கள். வார்டில் இருந்தவர்களுக்கு அது கைவந்த வேலை.

விசாவுக்கு டி.பி. பரிசோதனைச் சான்று கட்டாயம்; அது 6 மாதம் செல்லும். எக்ஸ்ரேயில் பழைய தழும்பு தெரிந்தால் சளியில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனை கேட்பார்கள், அதற்கு 8 வாரம் வரை பிடிக்கும். டி.பி. வார்டில் டியூட்டி பார்த்தவர்களும் சின்ன வயதில் மருந்து சாப்பிட்டவர்களும் இந்த 8 வாரத்தைக் கணக்கில் வைத்துக்கொண்டுதான் டிக்கெட் தேதி பேச வேண்டும்.

வேலை வாங்கித் தருவதற்கென்று ஏஜென்சி உங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பிரிட்டனின் ஆளெடுப்பு நெறிமுறை அதைத் தெளிவாகத் தடுக்கிறது. நகையை அடகு வைத்துப் பணம் கட்டச் சொன்னால் அந்த இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பாதியில் வேலையை விட்டால், டிரஸ்ட் உங்களுக்குச் செய்த செலவில் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், மாதம் போகப் போக அது எப்படிக் குறையும் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

ஆஸ்கி

ஆஸ்கி என்பது என்.எம்.சி. பதிவுக்காக பிரிட்டனில் எழுதும் செய்முறைத் தேர்வு. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் முதல் முறை எழுத வேண்டும், 8 மாதத்துக்குள் தேறியாக வேண்டும். மொத்தம் 10 நிலையங்கள், அதாவது தனித்தனிச் சோதனைகள். நோயாளியை மதிப்பிடுவது, திட்டமிடுவது, செய்வது, பலனைப் பார்ப்பது என்று 4. செய்முறைத் திறன் 4. பேச்சே இல்லாமல் எழுத்தில் மட்டும் பதில் சொல்வது 2. 7 நிலையம் வரை தவறினால் அவற்றை மட்டும் பாதிக் கட்டணத்தில் மறுபடி எழுதலாம். முதல் கட்டணத்தை டிரஸ்டே கட்டுவது வழக்கம். இரண்டாவதை யார் கட்டுவது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

திறமை இல்லாமல் தோற்கிறவர்கள் குறைவு, வாய் திறக்காமல் தோற்கிறவர்கள்தான் அதிகம். கை கழுவினால் "கை கழுவுகிறேன்" என்று சொல்ல வேண்டும். மாத்திரை கொடுக்குமுன் நோயாளியின் முழுப்பெயரையும் பிறந்த தேதியையும் அவர் வாயாலேயே சொல்லவைத்து, கைப்பட்டையோடு ஒப்பிட்டு, அலர்ஜி உண்டா என்று கேட்க வேண்டும். 10 வருடம் ஊசி போட்டவர்கள் இந்த அலர்ஜிக் கேள்வியை விட்டுவிட்டு அந்த நிலையத்தையே இழந்திருக்கிறார்கள். எழுத்தில் பிழை வந்தால் ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் 24 மணி முறையில் நேரமும் போடுங்கள். வீட்டுக் கண்ணாடி முன் நின்று உரக்கச் சொல்லிப் பழகுவதைவிட நல்ல பயிற்சி வேறு கிடையாது.

வார்டில் முதல் வாரம்

நம் ஊரில் மருந்தை பிராண்ட் பெயரில் சொல்வோம். அங்கே எல்லாம் மூலப்பெயர்தான். லேசிக்ஸ் என்பது ஃப்யூரோசமைட், பெரினார்ம் என்பது மெட்டோகுளோப்ரமைட், எமிசெட் என்பது ஆன்டான்செட்ரான். சர்க்கரையின் அளவு இன்னும் ஆபத்தான இடம். 180 என்று நாம் சொல்வதை அவர்கள் 10 என்பார்கள். நம் எண்ணை 18ஆல் வகுத்தால் அவர்களுடைய எண் வரும். அவர்கள் கணக்கில் 4க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை, உடனே கவனிக்க வேண்டும். ஹீமோகுளோபின் நமக்கு 12 என்றால் அவர்களுக்கு 120. முதல் மாதம் இதைச் சின்ன அட்டையில் எழுதிப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

'நியூஸ் 2' என்ற மதிப்பெண் முறையைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லத் தெரிய வேண்டும். சுவாச எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, ஆக்சிஜன் வைத்திருக்கிறதா என்பது, மேல் ரத்த அழுத்தம், நாடி, நினைவு, காய்ச்சல் என்று 7 விஷயங்களுக்கு மதிப்பெண். கூட்டினால் 5 வந்தால் அவசரம், 7 வந்தால் மிக அவசரம். 5 வந்ததும் டாக்டரைக் கூப்பிட்டு, கூப்பிட்ட நேரத்தை எழுதுங்கள். வரத் தாமதமானால் மறுபடி கூப்பிட்டு அதையும் எழுதுங்கள். டாக்டர் கோபிப்பாரோ என்று தயங்காதீர்கள். கூப்பிடாமல் இருந்ததற்குத்தான் கேள்வி வரும். இதயம் நின்றால் ஆஸ்பத்திரிக்குள்ளிருந்து அழைக்க வேண்டிய எண் 2222.

நோயாளியோடு இருக்கும் சொந்தக்காரர் அங்கே 24 மணி நேரமும் இருக்க மாட்டார். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, கழிவு எடுப்பது எல்லாம் எச்.சி.ஏ. எனும் உதவியாளரும் நர்ஸும் சேர்ந்து செய்யும் வேலை. அதைக் கௌரவக் குறைச்சலாக நினைத்து ஒதுங்குகிறவர்களை வார்டு மறக்காது.

'சிஸ்டர்' அங்கே பதவிப் பெயர், ஆகவே சக நர்ஸைப் பெயர் சொல்லியே கூப்பிடுங்கள். முழங்கைக்குக் கீழே வளையல், வாட்ச் கூடாது. கல் பதிக்காத ஒற்றை மோதிரம் போடலாம். தாலிச் செயின் பற்றி வார்டு மேனேஜரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

நரம்பில் மருந்து ஏற்றும் கேனுலாவை ஆயிரம் முறை போட்டவராக இருந்தாலும் டிரஸ்டின் பயிற்சி முடித்து, ஒருவர் பார்த்துக் கையெழுத்திடும்வரை அங்கே போடக் கூடாது. மனம் வலிக்கத்தான் செய்யும். சண்டை போடாமல் பயிற்சித் தேதியை முதல் வாரத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

சம்பளமும் மேல்படியும்

என்.எச்.எஸ். சம்பளப் படிநிலைக்கு 'பேண்ட்' என்று பெயர். 'பின்' (PIN) எனும் என்.எம்.சி. பதிவு எண் வரும்வரை பேண்ட் 3 அல்லது 4, வந்ததும் பேண்ட் 5. இங்கிலாந்தில் 2025-26இல் பேண்ட் 5 ஆண்டுக்கு 31,049 பவுண்டில் தொடங்கியது, பேண்ட் 6 தொடங்கியது 38,682இல். பேண்ட் 5க்கு இரவிலும் சனிக்கிழமையும் 30 சதவீதம், ஞாயிறிலும் பொது விடுமுறையிலும் 60 சதவீதம் கூடுதல். பின் எண் வந்த பிறகும் பழைய பேண்டிலேயே சம்பளம் வருவது அடிக்கடி நடக்கிற தவறு. பே ஸ்லிப்பை மாதாமாதம் வரிவரியாகப் பாருங்கள்.

3 வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க 450 மணி நேர வேலை, 35 மணி நேரப் படிப்பு, 5 கருத்துரைகள், 5 அனுபவக் குறிப்புகள் காட்ட வேண்டும். கடைசி மாதத்தில் தேடாமல் ஒவ்வொரு பயிற்சியின் சான்றையும் அன்றே ஒரு ஃபைலில் போடுங்கள்.

பேண்ட் 6க்கு வருடக் கணக்கு மட்டும் போதாது. தொற்றுத் தடுப்பு, புண் பராமரிப்பு, சர்க்கரை நோய் என ஏதாவது ஒன்றில் வார்டுக்கும் அந்தப் பிரிவுக்கும் தொடர்பாளராக இருக்கும் 'லிங்க் நர்ஸ்' ஆகுங்கள். மாணவர்களுக்குப் பயிற்சி தரும் பொறுப்பையும் கேட்டு வாங்குங்கள். விண்ணப்பத்தில் 'கடினமாக உழைப்பேன், நேர்மையானவள்' என்றால் மதிப்பெண் விழாது. வேலை விளம்பரத்தோடு வரும் தகுதிப் பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு சம்பவம் எழுதுங்கள்: இரவு 2 மணிக்கு நோயாளியின் நியூஸ் 2 மதிப்பெண் 3இலிருந்து 7க்கு ஏறியது, யாரை அழைத்தீர்கள், என்ன சொன்னீர்கள், நோயாளி என்ன ஆனார். தேர்வாகாவிட்டால் மறுநாளே ஃபோன் செய்து எந்த வரியில் மதிப்பெண் போயிற்று என்று கேளுங்கள். அதைத் தாராளமாகக் கேட்கலாம், சொல்லவும் செய்வார்கள்.