டேட்டா சஃபிஷியன்சி: 'சி' போடும் முன் ஒரு நிமிடம்

எம்.பி.ஏ. சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வில் டேட்டா சஃபிஷியன்சி கேள்விகள் இப்போது கணிதப் பகுதியில் இல்லை. டேட்டா இன்சைட்ஸ் பகுதிக்குப் போய்விட்டன. அங்கே 45 நிமிடத்தில் 20 கேள்விகள். டேட்டா சஃபிஷியன்சியில், கொடுத்த தகவல் போதுமா என்று மட்டும் சொன்னால் சரி, விடை வேண்டாம். பிளஸ் டூ வரை கடைசி வரி எழுதிப் பழகிய நம் கைக்கு அதுதான் கஷ்டம்.

திருவல்லிக்கேணி மெஸ் ஒன்றில் இட்லி 12 ரூபாய், வடை 17 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை வடை வாங்கினார்கள்? முதல் தகவல்: பில் 82 ரூபாய். இரண்டாவது: இட்லியும் வடையுமாக மொத்தம் 6.

தெரியாதவை இரண்டு, சமன்பாடும் இரண்டு வேண்டும் என்று உடனே 'சி' (இரண்டு தகவலும் சேர்ந்தால்தான் போதும்) போடத் தோன்றும். பொறியே அங்கேதான். பாதி வடை யாரும் விற்பதில்லையே! 82-இலிருந்து பதினேழு பதினேழாகக் கழித்துப் பாருங்கள்: 82, 65, 48, 31, 14. இவற்றில் 12-ஆல் மீதியின்றி வகுபடுவது 48 மட்டும். ஆக 2 வடை, 4 இட்லி. வேறு வழியே இல்லை. முதல் தகவலே போதும். இரண்டாவது தனியாக நின்றால் உதவாது. விடை 'ஏ'. ஆட்கள், டிக்கெட், பேனா என்று முழு எண்ணில் வருவது எதுவானாலும் இப்படிச் சோதித்துவிடுங்கள்.

அப்புறம், ஆமாம்-இல்லை கேள்விகள். 'அந்த எண் இரட்டைப்படையா?' என்று கேட்டு, 'அது 2-ஐ விடப் பெரிய பகா எண்' என்று தகவல் தந்தால், உறுதியாக 'இல்லை' எனலாம். அந்த 'இல்லை'யும் போதுமான தகவல்தான். பலர் அதைப் போதாது என்று குறித்துவிடுகிறார்கள்.